இரண்டாவது சூடு

"கஷ்டம்தான் மனிதனைப் புடம் போடுகிறது" என்று ஒரு வாக்கியம் நம்மிடையே நெடுநாளாகப் புழங்கி வருகிறது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் தலைமை வகிப்பவர் இதைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்க மாட்டார். வேலை போனவனுக்கும், பரீட்சையில் தவறியவனுக்கும், தகப்பனை இழந்த பையனுக்கும் இதே மருந்துதான், அளவுகூட மாறுவதில்லை. கதை எழுதுகிறவர்களுக்கும் இது செல்ல வாக்கியம். முதல் அத்தியாயத்தில் தெருவில் நிறுத்திய கதாநாயகனைக் கடைசி அத்தியாயத்தில் சான்றோனாக்க வேண்டுமானால், நடுவில் இருபது அத்தியாயக் கஷ்டத்தைத் தவிர வேறு வழி ஏது?

ஆனால் புடம் என்பது பொன்னுக்கு உரிய சொல். பொன்னைக் காய்ச்சினால் அதில் கலந்திருக்கும் மாசு போகும். பொன் பொன்னாகவே நிற்கும். அந்த உவமையில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. நெருப்பு எத்தனை கடுமையாக இருந்தாலும் பொன்னுக்கு நஷ்டம் இல்லை. ஆகவே நெருப்பைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்கிறவன் கைகட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கலாம். கஷ்டப்பட்டு மீண்டவர்களைப் பற்றிப் பேசும்போதோ, நாம் பொன் என்று சொல்வதில்லை. "இரும்பு மனுஷன்", "எஃகு உள்ளம்" என்றுதான் சொல்கிறோம். பொன்னின் வழக்கில் தீர்ப்பை வாங்கிக்கொண்டு இரும்பின்மேல் அதை நிறைவேற்றுவது நியாயமா? நெருப்பில் இரும்பு என்ன ஆகிறது என்று இரும்பு வேலை செய்கிறவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கேட்டேன். கோயம்புத்தூரில் நண்பர் ஒருவர் மூலம் ஒரு சிறு பட்டறைக்குள் நுழைய இடம் கிடைத்தது. பம்புசெட்டுகளுக்கும் மில் இயந்திரங்களுக்கும் வேண்டிய உதிரி பாகங்களைச் செய்யும் இடங்கள் அந்த ஊரில் ஏராளம். இந்தப் பட்டறை அந்தப் பாகங்களைச் செய்வதில்லை; அவற்றைச் செய்யும் கருவிகளைச் செய்கிறது. கருவி எஃகு என்று ஒரு தனி ஜாதியே உண்டாம். பாலத்துக்கும் தண்டவாளத்துக்கும் போகிற எஃகு வேறு. அவற்றை வெட்டவும் துளைக்கவும் அழுத்தி உருக்கொடுக்கவும் வேண்டிய எஃகு வேறு. உளி, அரம், டிரில், தகட்டில் ஓட்டை போடும் பஞ்ச், பிளாஸ்டிக் வாளியும் டப்பா மூடியும் வார்க்கிற அச்சு எல்லாம் இந்த ஜாதி. நம் வீட்டில் கிடக்கும் அற்பச் சாமானுக்குப் பின்னால்கூட நாம் கண்ணால் பாராத இந்த எஃகுத் துண்டு ஒன்று இருக்கிறது.

மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். மின்சார உலை, வெப்பமானி எல்லாம் பட்டறையில் இருந்தன. ஆனாலும் எனக்குக் காட்டுவதற்காக அவர் பழைய கரியடுப்பையே மூட்டினார். நூற்றுக்கு ஒரு பங்கு கரி கலந்த சாதாரணக் கருவி எஃகில் விரல் கனத்துக்குச் சில கம்பிகளை நெருப்பில் வைத்தார். சிவந்து வந்ததும் ஒரு காந்தத் துண்டைக் கிட்டே கொண்டு போனார். ஒட்டவில்லை.

"காந்தம் விட்டுடுச்சு பாருங்க. இன்னுங் கொஞ்சம் ஏறோணும், அவ்வளவுதான். ரொம்ப ஏறிடுச்சுன்னா கெட்டுப் போயிருமுங்க" என்றார்.

அது சுமார் 780 டிகிரி செண்டிகிரேட் என்று நண்பர் சொன்னார். கம்பிகள் சீறிக்கொண்டு தண்ணீருக்குள் போயின. வெளியே எடுத்ததும் மேஸ்திரி ஓர் அரத்தை என் கையில் கொடுத்து ராவச் சொன்னார். கண்ணாடிமேல் உராய்வது போல அரம் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒரு கீறல்கூட விழவில்லை. இதுவல்லவா எஃகு என்று நினைத்தேன். அவர் அந்தக் கம்பியை இடுக்கியில் பொருத்தி, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். பலகாரம் உடைகிற மாதிரி உடைந்து தெறித்தது. நெருப்பில் போடாத கம்பி ஒன்றையும் அதேபோல் தட்டிக் காட்டினார். அது வளைந்ததே தவிர உடையவில்லை.

எனக்கு ஆச்சரியம். நெருப்பையும் கண்டு நீரையும் கண்டு இவ்வளவு உறுதி பெற்ற பொருள் எதற்கும் உதவாது என்று அவர் ஓரமாகத் தள்ளிவிட்டார்! அது மட்டுமல்ல. மீதிக் கம்பிகளைக் கைச்சூடு ஆறுவதற்குள் எடுத்துக்கொண்டு அவசர அவசரமாக அடுத்த வேலைக்குப் போனார். ஏன் இந்த அவசரம் என்று கேட்டேன்.

"இத இப்படியே வெச்சுட்டு ராத்திரி ஊட்டுக்குப் போயிட்டமுன்னா, காலைல வந்து பாத்தா தானா விரிஞ்சு கெடக்குமுங்க. ஒருத்தரும் தொட்டிருக்க மாட்டாங்க. அலமாரில இருந்த எடத்துலயே டக்குனு சத்தம் கேக்கும். நானே கேட்டிருக்கறனுங்க."

இதற்கு விஞ்ஞானிகள் சொல்லும் காரணத்தை அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். எஃகு பழுத்திருக்கும்போது அதிலுள்ள கரி, தண்ணீரில் சர்க்கரை போல, இரும்புக்குள் கரைந்து எங்கும் பரவியிருக்கிறது. மெல்ல ஆறவிட்டால் கரி ஒதுங்கித் தனக்கென்று ஓர் இடம் பார்த்துக்கொள்ளும். இரும்போடு சேர்ந்து மெல்லிய அடுக்கடுக்காகப் படியும். அப்போது எஃகு வளைந்து கொடுக்கிறது. திடீரென்று தண்ணீரில் தோய்த்தாலோ கரிக்கு ஒதுங்க நேரம் கிடைப்பதில்லை. இரும்பு அணுக்கள் தங்கள் வரிசையை ஒரு நொடியில் மாற்றிக்கொள்கின்றன. கரி போக வழியில்லாமல் நடுவில் சிக்கிக்கொள்கிறது. அடால்ஃப் மார்ட்டென்ஸ் என்ற ஜெர்மானியரின் பெயரை ஒட்டி இந்த நிலைக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். அரம் வழுக்குகிறதே, அந்தக் கெட்டித்தனம் முழுதும் இந்தச் சிக்கலினால் வந்ததுதான். உள்ளுக்குள் எல்லாத் திக்கிலும் இழுபறி. வெளியே பார்த்தால் ஆடாமல் அசையாமல் இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு என் அத்தையின் நினைவு வந்தது. இருபத்தாறாவது வயதில் இரண்டு பையன்களோடு விதவையானவள். அன்று அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். அப்பளம் இட்டு விற்றாள், தையல் தைத்தாள், பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். கடன் வாங்கியதில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை முறையிட்டதும் இல்லை. "அவளா? இரும்பு மனுஷி!" என்பார் என் தகப்பனார். முப்பத்து நாலு வருஷத்துக்குப் பிறகு ஒரு நாள் பேரனுக்குச் சாதாரண ஜுரம். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அத்தை, "எல்லாரும் அப்படித்தான் சொன்னீர்கள், எல்லாரும் அப்படித்தான் சொன்னீர்கள்" என்று கூவிக்கொண்டு தரையில் விழுந்தாள். குழந்தைக்கு இரண்டு நாளில் ஜுரம் விட்டது. அத்தை எழுந்து நடமாட ஆறு மாதம் ஆயிற்று. "ஒன்றும் இல்லாததற்குப் போய் இப்படியா?" என்று எல்லோரும் வியந்தார்கள். அந்த முப்பத்து நாலு வருஷத்தில் அவளுடைய கணவன் இறந்த இரவைப் பற்றி அவளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பது மட்டும் யாருக்கும் வியப்பாக இல்லை.

மேஸ்திரி அவசரமாகச் செய்த அடுத்த வேலை இதுதான். ஒரு கம்பியைச் சாணைத் தாளில் தேய்த்துப் பளபளப்பாக்கி, அடுப்புமேல் போட்டிருந்த கனமான தகட்டின்மேல் வைத்தார். நெருப்பு நேராகப் படவில்லை. பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சிறிது நேரத்தில் அதன்மேல் வைக்கோல் நிறத்தில் ஒரு மெல்லிய ஏடு படர்ந்தது. பிறகு அது பழுப்பாயிற்று. அப்புறம் கத்தரிப்பூ நிறம். கடைசியாக நீலம். காற்றுப்பட்டு உண்டாகும் மெல்லிய துருப்படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறுகிறதாம். வைக்கோல் நிறம் ஏறக்குறைய 220 டிகிரி, நீலம் 300. முதலில் கொடுத்த சூட்டோடு பார்த்தால் இது சூடே அல்ல. இந்த இளஞ்சூட்டில் சிக்கிக்கொண்டிருந்த கரியில் கொஞ்சம் மெல்ல அசைந்து வெளியேறுகிறது. உள் இழுபறி தளர்கிறது. எஃகு தன் கெட்டித்தனத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து, அதற்குப் பதிலாக உடையாமல் இருக்கும் குணத்தை வாங்கிக்கொள்கிறது.

எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அது செய்யப்போகிற வேலையைப் பொறுத்தது. சித்திரம் செதுக்கும் ஊசியானால் வைக்கோல் நிறத்தில் நிறுத்திவிடுவார்கள். சம்மட்டி அடி வாங்கும் உளிக்குக் கத்தரிப்பூ நிறம். வில்லானால் நீலம் வரை போக வேண்டும். ஒரே எஃகு, ஒரே நெருப்பு, ஒரே தண்ணீர். இந்த இரண்டாவது சூட்டில்தான் ஊசி ஊசியாகிறது, வில் வில்லாகிறது. நிறம் தாண்டிச் சாம்பலாகிவிட்டால் எல்லாம் போயிற்று, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அளவுக்கு மீறிய பரிவும் உண்டு என்பதை மேஸ்திரி அறிவார். இதற்கெல்லாம் "பதம் பார்க்கிறது" என்று பெயர் சொன்னார். சோற்றுக்கும் வெல்லப் பாகுக்கும் நம் வீட்டுப் பெண்கள் சொல்கிற அதே வார்த்தை.

வார்த்தை என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கோவையிலிருந்து நொய்யல் ஆற்றோடு கிழக்கே போனால் கொடுமணல் வருகிறது. இரும்பு உருக்கிய உலைகளின் அடையாளங்களையும், மூசையில் எஃகு செய்ததற்கான தடயங்களையும் அங்கே தோண்டி எடுத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய ஊர் அது. தென்னாட்டு மூசை எஃகு பிற்காலத்தில் ஊட்ஸ் என்ற பெயரோடு ஐரோப்பாவுக்குப் போய், 1795-ல் லண்டன் ராயல் சொஸைட்டியில் ஆராய்ச்சிக் கட்டுரையாயிற்று. மைக்கேல் ஃபாரடேகூட அதைச் சோதித்திருக்கிறார். அந்த ஊட்ஸ், உக்கு என்ற கன்னடச் சொல்லின் திரிபு என்பார்கள். நம் உருக்கோடு உறவுள்ள சொல். நெஞ்சு கல்லானவர்களுக்கு உவமையாகச் சொல்லும் பொருளுக்கு, உருகுவதிலிருந்து பிறந்த பெயரைத்தான் தமிழன் வைத்திருக்கிறான். இதிலிருந்து பெரிய தத்துவம் ஒன்றும் எடுக்க நான் முயலவில்லை. பெயர் அழகாயிருக்கிறது, அவ்வளவுதான்.

பட்டறையில் நான் கற்ற இன்னொரு சங்கதி, எல்லா எஃகுக்கும் தண்ணீர் ஆகாது என்பது. மற்ற உலோகங்கள் அதிகமாகக் கலந்த எஃகுக்கு எண்ணெய்தான் பொருந்தும். எண்ணெய் தண்ணீரைவிட மெல்லக் குளிர வைக்கும். தகடு வெட்டும் அச்சுகளுக்குப் பன்னிரண்டு சதவிகிதம் குரோமியம் கலந்த எஃகு ஒன்று இருக்கிறது. அதற்கு எண்ணெய்கூட வேண்டியதில்லை. உலையிலிருந்து எடுத்துக் காற்றில் வைத்தாலே கெட்டிப்பட்டுவிடுகிறது. அதைப் போய்த் தண்ணீரில் போட்டால் விரிந்து போகும். "நானும் அவனும் ஒரே வீட்டில் ஒரே அடியைத்தான் வாங்கினோம். நான் தேறவில்லையா? அவனுக்கு மட்டும் என்ன கேடு?" என்று தம்பியைப் பற்றிக் கேட்கும் அண்ணன்மார்களை இந்தப் பட்டறைக்கு ஒரு முறை அழைத்து வரலாம்.

மூலையில் ஒரு பழைய அச்சு கிடந்தது. உருகிய அலுமினியத்தை அழுத்திச் செலுத்தி வார்க்கும் அச்சு. அதற்கென்றே குரோமியமும் மாலிப்டினமும் வனேடியமும் சேர்த்து, சூட்டைத் தாங்கும்படி செய்த எஃகு. அதன் முகம் முழுவதும் கோடைக்காலக் குளத்தின் தரைபோல் பொடிப்பொடியாக வெடித்திருந்தது. சூடு தாங்காமல் வெடித்ததா என்று கேட்டேன். சூடு மட்டுமானால் தாங்கும் என்றார் மேஸ்திரி. ஒவ்வொரு வார்ப்புக்கும் மேல் தோல் திடீரெனக் காய்ந்து விரிகிறது. பொருள் வெளியே வந்ததும் குளிர்ந்து சுருங்குகிறது. உட்புறம் அதே வேகத்தில் கூடவே வருவதில்லை. இப்படி ஆயிரக்கணக்கான தடவை. ஆகவே காலையில் வேலை தொடங்கும் முன் அச்சை முதலில் வெதுவெதுப்பாக்கிக்கொள்ள வேண்டும். குளிர்ந்த அச்சில் உருகிய உலோகத்தைப் பாய்ச்சுகிறவன் அச்சுக்கு எமன். காலையில் கொஞ்சி, மத்தியானம் சீறி, ராத்திரி மறுபடி கொஞ்சுகிற பெற்றோர்களுடைய குழந்தைகளின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. எப்போதும் கண்டிப்பாக இருக்கிற வீட்டுப் பிள்ளைகள்கூட இவர்களைவிடத் தேவலை.

இதுவரை உவமையோடு சுகமாக நடந்து வந்துவிட்டேன். அதை நிறுத்த வேண்டிய இடமும் ஒன்று உண்டு. அதைக் காட்டுவதற்கு அமெரிக்கர் ஒருவரின் கதையைச் சொல்ல வேண்டும்.

பிரெடெரிக் வின்ஸ்லோ டெய்லர் என்பவர் உலோகத்தை வெட்டும் கருவிகளைப் பற்றிச் சுமார் 26 ஆண்டுகள் சோதனை செய்தவர். பென்சில்வேனியாவில் உள்ள பெத்லஹேம் எஃகு ஆலையில், 1898-லிருந்து அவரும் மான்ஸெல் வைட் என்பவரும் ஒரு காரியம் செய்தார்கள். குறிப்பிட்ட சிவப்புக்கு மேல் காய்ச்சினால் எஃகு கெட்டுவிடும் என்பது கொல்லர்களின் வேதம். நம் மேஸ்திரியும் அதைத்தான் சொன்னார். டங்ஸ்டனும் குரோமியமும் கலந்த எஃகை இவர்கள் அந்த எல்லைக்கும் மேலே, உருகும் நிலைக்குக் கிட்டத்தட்டக் கொண்டு போனார்கள். கெடவில்லை. 1900-ல் பாரிஸ் பொருட்காட்சியில் அந்தக் கருவி முனை சிவக்கச் சிவக்க, இரும்புச் சுருள்கள் நீலமாகி உதிர, லேத்து ஓடிக்கொண்டே இருந்தது. வேடிக்கை பார்த்த பொறியாளர்கள் திகைத்துப் போனார்கள். உலகத்துப் பட்டறைகளின் வேகமே அதற்குப் பிறகு மாறிற்று.

அதே டெய்லர், அதே பெத்லஹேமில், கையில் நிறுத்து கடிகாரத்தோடு மனிதர்களையும் சோதித்தார். தினம் பன்னிரண்டரை டன் இரும்புக் கட்டி சுமந்துகொண்டிருந்த கூலியாளை நாற்பத்தேழரை டன் சுமக்க வைத்ததாக 1911-ல் ஒரு புத்தகத்தில் எழுதினார். கணக்கு மிகையானது என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள், இருக்கட்டும். எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. எஃகு விஷயத்தில் அவர் கேட்ட கேள்வியும் மனிதன் விஷயத்தில் அவர் கேட்ட கேள்வியும் ஒன்றுதான்: இது எதுவரை தாங்கும்? எஃகிடம் அந்தக் கேள்வி நியாயமானது. கருவி பிறர் உபயோகத்துக்காகவே பிறந்தது. சோதனையில் நூறு முனைகள் முறிந்தாலும் அவற்றுக்காக அழ ஆளில்லை. மனிதனிடம் அதைக் கேட்கிற அதிகாரத்தை யார் கொடுத்தது? அதே 1911-ல் மாசசூசெட்ஸ் மாகாணத்து வாட்டர்டவுன் ராணுவத் தொழிற்சாலையில், கடிகாரத்தோடு ஆள் வந்து நின்றதும் வார்ப்படத் தொழிலாளிகள் வேலையை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். காங்கிரஸ் சபை விசாரணை நடத்திற்று. 1915-ல் ராணுவத் தொழிற்சாலைகளில் அந்தக் கடிகாரத்துக்கே தடை விதித்தது.

டெய்லர் கெட்டவர் அல்ல; உழைப்பவனுக்குக் கூலி உயர வேண்டும் என்று வாதாடியவர். அதனால்தான் அவரைச் சொல்கிறேன். கெட்ட எண்ணம் இல்லாமலே மனிதனைக் கருவியாக நினைத்துவிட முடியும். கஷ்டம் புடம் போடுகிறது என்று சொல்கிற நல்லவர்கள் எல்லோரும் உலைக்கு வெளியே நின்றுகொண்டுதான் சொல்கிறார்கள். நெருப்பும் தண்ணீரும் இல்லாமல் எஃகு கருவியாகாது என்பது உண்மை. மனிதன் மனிதனாவதற்கும் அவை வேண்டும் என்பதற்கு இது சாட்சியாகாது. பெரிய கஷ்டம் எதுவும் படாமல், கடைசிவரை நல்லவர்களாக இருந்து மறைந்தவர்கள் சிலரை நான் அறிவேன். அவர்களைப் பற்றிக் கதை எழுத முடியாது என்பது ஒன்றுதான் குறை. ஆகவே யாரையும் நெருப்பில் தள்ள நமக்கு உரிமையில்லை. தானாக நெருப்பில் விழுந்து எழுந்து வந்தவனுக்கு இரண்டாவது சூட்டைக் கொடுக்கும் கடமை மட்டுந்தான் நமக்கு உண்டு. அந்த ஒரு வேலையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் புகழ்ந்து கொண்டிருக்கிறோம்.

டெய்லரும் வைட்டும் தொடங்கிய அந்த அதிவேக எஃகில் விசித்திரம் ஒன்று இருக்கிறது. அதற்கு இரண்டாவது சூடு ஒரு முறை போதாது. 1200 டிகிரிக்கு மேலிருந்து குளிர்ந்த பிறகும் அதன் ஒரு பகுதி மாறாமல், நெருப்பில் இருந்தபோது எப்படியிருந்ததோ அப்படியே உள்ளே தங்கிவிடுகிறது. 550 டிகிரியில் பதப்படுத்தி ஆறவிட்டால் அந்தப் பகுதி அப்போதுதான் மாறுகிறது. புதிதாக மாறிய அந்தப் பகுதி, முன்பு சுத்தியலடியில் தெறித்த கம்பி போலவே, எளிதில் உடையக் கூடியதாக இருக்கிறது. ஆகவே மறுபடியும் சூடு. பிறகு மூன்றாம் முறையும். ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல். மூன்றும் முடிந்தபின் எடுத்துப் பார்த்தால், மற்ற எஃகுகளைப் போல் கெட்டித்தனம் குறைந்திருப்பதில்லை. தண்ணீரும் எண்ணெயும் தராத உறுதியை அந்த இளஞ்சூடு தந்திருக்கிறது.

நம் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். உறவினர் வீட்டிலிருந்து சோறு வரும். பதினாறாம் நாள் வரை வீடு கொள்ளாத கூட்டம். பிறகு எல்லோரும் ஒரே நாளில் பஸ் ஏறிவிடுவார்கள். எங்கள் தெருவில் ஒரு பாட்டியம்மாள் இருக்கிறார். கூட்டம் இருக்கும்வரை அந்த வீட்டுப் பக்கமே போகமாட்டார். பதினேழாம் நாள் சாயங்காலம் தூக்குவாளியில் ரசமும் இரண்டு சுட்ட அப்பளமும் எடுத்துக்கொண்டு போவார். ஆறுதல் சொல்லிக் கேட்டதில்லை. புளி விலை ஏறிவிட்டது, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஏதாவது பேசிக்கொண்டு அரை மணி உட்கார்ந்திருப்பார். புறப்படும்போது வாளியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுவார். மறதி என்று நினைத்திருந்தேன். "வாளி அங்க கெடந்தாத்தானே தம்பி, அதை எடுக்கிற சாக்குல நாளைக்கும் போகலாம்" என்றார்.